கொழுந்தனிடம் கேட்க முடியாத சாவி

நீங்கள் கடைசியாகச் சிறுநீர் கழிக்கப் போனபோது யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்கவில்லை அல்லவா? கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி யூனிட்டில் பொன்மணியும் கற்பகமும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால், பொன்மணி கேட்டாள். கற்பகம் கேட்கவே இல்லை.

இருவரும் நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து யூனிட் வேனில் வருகிறவர்கள். மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிய வருடத்தில் சேர்ந்தே வேலைக்கு வந்தார்கள். காட்டு வேலையில் கூலி குறைவு. ஆனால் ஒதுங்குவதற்குக் கருவேலங்காடாவது இருந்தது. இங்கே குச்சி காயும் களத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கழிப்பறை. அதற்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசர் இசக்கிராஜாவின் சட்டைப்பையில். பெட்டி அடைக்கும் கூடத்துக்குள் தண்ணீர் பாட்டிலும் கூடாது. ஈரம் பட்டால் குச்சி மருந்து நமுத்துவிடுமாம். அடைக்கிற பெட்டிக்குத்தான் கூலி என்பதால் எழுந்து போகிற நேரமும் நட்டம். பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிறு எரிந்தால் 'உடம்புச் சூடு' என்றார்கள். இடுப்பு வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார்கள்.

இந்தப் பழக்கத்தை உடைத்தவள் பொன்மணி. நாற்பதைத் தாண்டியவள், கணவனை விட்டு விலகி வந்தவள், கூடத்தின் கடைசி மூலையில் பேசினால் வாசல்வரை கேட்கும் குரல். தனக்கு ஒருமுறை கல்லடைப்பு வந்து துடித்தபோது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் ஒரு குடத்தை வைத்தாள். நேரம் பார்த்து எழுந்து நின்று கை தட்டுவாள்.

"ஏட்டி, எந்திரிங்க எல்லாரும். குடிக்கணும், போகணும். ரெண்டும் நம்ம உடம்புக்கு."

"இசக்கிராஜா வைவான்க்கா."

"ஒருத்தி போனா எதுக்குன்னு கேப்பான். பத்துப் பேரு போயி நின்னா என்னத்தக் கேப்பான்? கேட்டா சொல்லுவோம், அவனுக்கும் சேத்துப் போயிட்டு வாரோம்னு."

கூடம் சிரித்தது. இசக்கிராஜா முகம் சிவந்து சாவியைக் கொடுத்தான். வலி மாத்திரை கொண்டுவருகிறவளின் சுருக்குப்பையைப் பிடுங்கிப் பார்ப்பாள் பொன்மணி. "இதென்ன, சீனி மிட்டாயா?" என்று அதட்டுவாள். காலைச் சோறு தின்னாமல் வருகிறவளுக்குத் தன் தூக்குவாளியிலிருந்து கம்பங்கூழை ஊற்றுவாள். சில மாதங்களில் பல பெண்களுக்கு எரிச்சல் நின்றது. தம்மால் முடியும் என்ற தெம்பு வந்தது.

கற்பகம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. காரணம் சின்னது, ஊருக்கு அது மலை. இசக்கிராஜா அவள் கணவனின் தம்பி. கொழுந்தன் எதிரில் போய் நின்று கழிப்பறைச் சாவி கேட்பது எப்படி?

"கூட்டத்தோட கூட்டமா வாட்டி. உன்னையவா தனியாப் பாக்கப் போறான்?"

"நீ போ. வீட்டுல சோறு போடும்போது அவிய மொகத்துல எப்படி முழிக்க?"

"அவன் சட்டைப்பையில சாவி கெடக்குதுன்னு ஒன் மூத்திரப்பைக்குத் தெரியுமாட்டி?"

கற்பகம் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்து பெட்டியை அடைப்பாள். கூடத்திலேயே வேகமான கை அவளுடையது. யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

போன பங்குனித் திருவிழாவில் முதலாளி தன் பெயர் போட்ட பேனர் கட்டி நீர்மோர்ப் பந்தல் வைத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தாகம் தீர்த்தார். அந்த வாரத்தில்தான் கற்பகத்துக்குக் கால் வீங்கத் தொடங்கியது. மாமியார் செய்வினை என்றாள். "செய்வினையுமில்ல, செயப்பாட்டுமில்ல. தண்ணி காணாத ஒடம்பு" என்று பொன்மணி அடித்துச் சொன்னாள். தினமும் விடிந்ததும் கற்பகத்தை எழுப்பி, கரிசல் பாதையில் நடக்க வைத்தாள். பாட்டிலை நீட்டி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கற்பகமும் முதன்முறையாகச் சொன்னபடி கேட்டாள்; குடித்தாள். வீக்கம் ஏறியது. முகம் உப்பியது. மூச்சு இரைத்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. பல வருடக் கல், கிருமி, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இனி டயாலிசிஸ். பிறகு பொன்மணியின் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார்.

"இதை இவங்களுக்குக் கொடுக்காதீங்கம்மா. உள்ளே போற தண்ணி வெளியே போக வழியில்ல. நுரையீரல்ல ஏறுது. இனிமே அளந்துதான் குடிக்கணும்."

பொன்மணி பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள். நல்லது என்று ஊட்டியதே மூச்சை அடைத்திருக்கிறது. ஒரு சோதனை முன்பே செய்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் செய்யச் சொல்லத்தான் அந்த யூனிட்டில் யாரும் இல்லை.

அன்று ஆஸ்பத்திரிக்கு இசக்கிராஜாவும் வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று அழுதான்.

"மதினி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தொறந்து விட்டிருப்பேனே."

"ஒங்கிட்டயா? அவ ஒங்கிட்டச் சொல்லுவாளாலே?" பொன்மணியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "பூட்டுனது எதுக்கு? அதச் சொல்லு மொதல்ல."

"மொதலாளி சொன்னாவ."

மறுநாள் பொன்மணி முதலாளியிடமே போனாள். திறந்து வைத்தால் பெண்கள் உள்ளே உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள் என்றார் அவர். வாக்குவாதம் முற்றியதும், அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இசக்கிராஜா சாவியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

இப்போது குடம் வேப்பமரத்தடியில் இல்லை. கை தட்ட ஆள் இல்லாததால் பெண்கள் ஒவ்வொருவராகப் பழையபடி தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். மாத்திரை திரும்ப வந்துவிட்டது. பொன்மணி மாலைகளில் வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறாள், இன்று குடித்தாயா என்று. அவளைக் கடந்து வீட்டைப் பார்த்து நடக்கிறார்கள். டயாலிசிஸ் நாட்களில் கற்பகத்தைப் பேருந்தில் அழைத்துப் போகிறாள். சித்திரை வெயிலில் கற்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு மடக்கு தண்ணி, தொண்ட காயுது" என்று கெஞ்சுகிறாள். டம்ளரில் அளந்து கொடுத்த அன்றைய பங்கு எப்போதோ தீர்ந்திருக்கும். பொன்மணி ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கற்பகம் இன்னும் எவ்வளவு நாள் தாங்குவாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பொன்மணியும் கேட்பதில்லை.

நல்ல பழக்கம் தனி மனித ஒழுக்கம் என்று மேடையில் முழங்குகிறவர்களே, பூட்டிய கதவுக்கு எதிரில் எந்தப் பழக்கமும் தாக்குப்பிடிக்காது. உங்கள் ஊரில் பெண்கள் வேலை செய்கிற யூனிட், மில், துணிக்கடை ஏதாவது ஒன்று இருக்கும். நாளைக்கே அதற்குள் போங்கள். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, இப்போது திறந்திருக்கிறதா என்று முதலாளியிடம் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள். பூட்டியிருந்தால் திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். உள்ளே இருக்கிறவள் கேட்டால் வேலை போகும், மானம் போகும். உங்களுக்கு எதுவும் போகாது. கேளுங்கள்.