சரோஜா வாசலில் என் செருப்பு

வீட்டில் சேர்ந்த வேண்டாத சாமானை ஒழிப்பதில் எங்கள் ஜீவனஹள்ளியிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டுச் சரோஜா கணவரை இழந்து தனியாக இருக்கிறாள். "வீடு பூரா அவர் சாமான்தாண்ணா, தலையே பாரமா இருக்கு" என்றாள். இன்று காலை வேலையில் இறங்கினேன். ஒரு லாரி தேறும்! பழைய சாமான்காரரே மிரண்டுபோனார்.

அவர் வண்டி போனபிறகு சரோஜா வாசலைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ அண்ணா, அவர் செருப்பையும் போட்டுட்டீங்களா? வாசல்ல ஆம்பள செருப்பு கெடந்தாதான் கண்டவன் கதவத் தட்டமாட்டான். ராத்திரி எப்படித் தூங்குவேன்?"

உடனே என் புதுச் செருப்பைக் கழற்றி அங்கே வைத்தேன்.

"இப்பதாண்ணா மனசு லேசாச்சு" என்றாள்.

ராஜா மாதிரி வெறுங்காலில், உங்களுக்கு இதை எழுத பிரவுசிங் சென்டர் வந்துவிட்டேன்.

சிவாஜிநகர் போன என் வீட்டுக்காரி திரும்பும் நேரம். அந்தச் செருப்பை வாங்கித் தந்தவளே அவள்தான். என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.