இரண்டு காட்டுமாடுகளும் என் மாமாவும்

புலியும் சிங்கமும் மோதினால் புலிதான் ஜெயிக்கும் என்பதில் என் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. காண்டாமிருகம் யானையிடம் தோற்கும். நீர்யானையிடம் வாய் வைத்த முதலை உருப்படாது. கரடியை மட்டும் அவரால் எந்த வரிசையிலும் உறுதியாக வைக்க முடியவில்லை. கரடி முன்கோபக்காரன், முன்கோபக்காரனை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், மதுரை கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தேழு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கொஞ்சத்தில் போயிருந்தது. காலையில் புத்தகத்தை விரிப்பார். மத்தியானத்துக்குள் போன் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன். இரண்டு மிருகங்கள் எதிரெதிரே நிற்கும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, யார் ஜெயிப்பா சொல்லு என்பார். எது பெரிதாகத் தெரிகிறதோ அதைச் சொல்வேன். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். அதற்காக அவர் என்னைப் பாராட்டும்போது, அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று தோன்றும்.

அப்பா வங்கியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிங்கத்தின் உறுமல் காதில் விழும். அப்பா மாமாவிடம் நேராகப் பேச மாட்டார். எதுவானாலும் அம்மா வழியாகத்தான். இந்தத் தடவை பரீட்சையில் புலியைப் பற்றி எத்தனை கேள்வி வருமாம் என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா காபியை வைத்துவிட்டு உள்ளே போவாள். ஆனால் ராத்திரி தம்பியின் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும்.

அந்த வருடம் மாமாவுக்குப் பரவையில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண் தனியார் பள்ளியில் டீச்சர். வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உத்தியோகம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, பையன் குணம்தான் முக்கியம் என்றார்கள். அம்மா இந்த வாக்கியத்தைப் போனில் குறைந்தது பத்துப் பேரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். வைகாசியில் நிச்சயம் செய்வதாகப் பேச்சு.

கோடை விடுமுறைக்கு அம்மா, மாமா, நான் மூன்று பேரும் அம்மாவின் ஊருக்குப் போனோம். வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரம். அங்கே அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, விவசாயம் பார்த்தார். அந்த வருடம் மழை இல்லை. மலைமேல் ஊற்றெல்லாம் வற்றிப்போய்க் காட்டுமாடுகள் தண்ணீர் தேடி இறங்கிக்கொண்டிருந்தன. பேப்பரில் காட்டெருமை என்று போடுவார்கள். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அது மாடுதான்.

நாங்கள் போன மூன்றாம் நாள் காலையில் பெரிய மாமா தோட்டத்திலிருந்து வந்து, தரிசுக் காட்டில் இரண்டு கிடா மாடுகள் நிற்கின்றன, ஃபாரஸ்ட்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வருகிறவரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வாடிப்பட்டிக்குப் போனார். இட்லி தின்றுகொண்டிருந்த மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கால் மணி நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் இருந்தோம்.

தோட்டத்தின் நடுவில் ஒரு மோட்டார் ரூம். செங்கல் கட்டடம், இரும்புக் கதவு. அதிலிருந்து இருபது எட்டு தள்ளிக் கிழக்கே தண்ணீர்த் தொட்டி. மேற்கே கோடை உழவு போட்ட வெறும் நிலம், ஒரு செடிகூட இல்லை. வடக்கே தரிசு. அங்கேதான் மாடுகள் நின்றன. மாமா மோட்டார் ரூம் கதவைத் திறந்து வைத்து, நிலையில் சாய்ந்துகொண்டு போனைத் தூக்கிப் பிடித்தார். என்னையும் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றேன்.

கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஏனென்றால் மாடுகள் சண்டையே போடவில்லை. ஒன்று கன்னங்கரேல் என்று லாரி மாதிரி இருந்தது. இன்னொன்று கொஞ்சம் சின்னது, செம்மண் நிறம். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பக்கவாட்டில் திரும்பி, முதுகை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, ஒன்றுக்கொன்று தன் உடம்பைக் காட்டியபடி மெதுவாக நடந்தன. போட்டோ எடுக்க நிற்கிறவர்களைப் போல நின்றன. மறுபடி நடந்தன.

“எப்ப மாமா சண்ட போடும்?”

“இரு பாப்பா. இம்புட்டு நேரம் நின்னதே சண்டதான்” என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அலுத்துவிட்டது. அவர் கவனிக்காதபோது தொட்டிக்குப் போய், சுவரில் ஏறி உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்து, கையாட்டி வரச் சொன்னார். நான் வரவில்லை. கறுப்புதான் ஜெயிக்கும் என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன். ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

அப்போது மோதிவிட்டன. வீடியோவில் கேட்கிற எந்தச் சத்தமும் இல்லை. மேலேயிருந்து நெல் மூட்டையைப் போட்டதுபோல ஒரே ஒரு சத்தம். அப்புறம் புழுதி. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. புழுதிக்குள்ளிருந்து ஒரு மாடு திரும்பி ஓடி வந்தது. கறுப்பு மாடு. நாங்கள் ஜெயிக்கும் என்று சொன்ன மாடு.

தோற்ற மிருகம் எந்தப் பக்கம் ஓடும் என்று எந்த வீடியோவும் எனக்குக் காட்டியதில்லை. தோற்றதும் வீடியோ முடிந்துவிடும். இது முடியாமல் நேராகத் தொட்டியைப் பார்த்து வந்தது. எனக்குக் கால் தண்ணீரிலிருந்து எழவில்லை. மாமா என்று கூப்பிட்டேனா என்பதுகூட ஞாபகமில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா கதவருகே இல்லை. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உழவு நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு இப்போது கையில் இருந்தது. தொண்டை கிழிய ஏதோ கத்திக்கொண்டே ஓடினார். பெரியவர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மாடு தலையை ஒரு தடவை உலுக்கியது. பிறகு வளைந்து அவர் பின்னால் போனது. மண்கட்டிகள் தெறித்தன. அவர் வாய்க்காலில் விழுவதைப் பார்த்தேன். மாடு வாய்க்காலைத் தாண்டி, நிற்காமல், மலைப்பக்கம் போய்விட்டது. செம்மண் நிற மாடு தரிசில் நின்று, ஒன்றும் நடக்காதது மாதிரி புல்லைக் கடித்தது.

நான் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே சொன்னேன்:

“மாமா என்னய விட்டுட்டு ஓடிட்டாரு.”

மாமாவுக்கு வலது தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்டுக் கூட்டி வந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். அம்மா வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கட்டில் காலடியில் நின்றுகொண்டு, “பச்சப் புள்ளைய விட்டுட்டு எப்புடிடா ஓட மனசு வந்துச்சு?” என்றாள். சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனேன்.

“போகக் கூடாதுன்னு சொல்லியும் கூட்டிட்டுப் போனேன்ல. தப்புதாங்க்கா” என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அறையில் இருந்த எல்லோருக்கும் அது பதிலாகத்தான் பட்டது.

கதை எங்களுக்கு முன்னாலேயே மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் கேட்டாலும் நான் சொன்னேன். மாடு எப்படி வந்தது, மாமா எப்படி ஓடினார், கைலி எப்படி அவிழப் பார்த்தது. சிரித்தார்கள். சிரிப்பு வருகிற இடங்களை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டேன். பரவைக்காரர்கள் சண்டை எதுவும் போடவில்லை. முதலில் போன் செய்வதைக் குறைத்தார்கள். பிறகு, பெண்ணுக்கு இந்த வருடம் நேரம் சரியில்லையாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா முதல் தடவையாக மாமாவிடம் நேராகப் பேசினார். சாப்பிட்டீங்களா, கை தேவலையா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அது மாமாவுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கட்டுப் பிரித்த வாரமே திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார். தாமதமாகக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பையன்கள்.

போன தைக்கு ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது தோட்டத்துப் பக்கம் நடந்தேன். மோட்டார் ரூம் அப்படியே இருந்தது. அன்றைக்கு மாமா சாய்ந்து நின்ற கதவு நிலையில் சும்மா நின்று பார்த்தேன். உள்ளே போக ஓர் எட்டு போதும். கதவைச் சாத்தினால் எந்த மாடும் ஒன்றும் செய்ய முடியாது. தொட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற உழவு நிலத்துக்குப் போக வேண்டுமென்றால், அந்த ரூமைச் சுற்றிக்கொண்டு, மாட்டின் கண்ணுக்கு முன்னால் குறுக்கே ஓட வேண்டும். அன்றைக்கு அங்கே ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது.

அங்கே நின்றபடியே மாமாவுக்குப் போன் செய்தேன். ஏன் மாமா உள்ளே போகாமல் வெளியே ஓடினீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஓடுனேன் பாப்பா, அம்புட்டுதான். அதப் போயி இப்ப கேட்டுக்கிட்டு” என்றார். பிறகு, சாப்பிட்டாயா, வெயிலில் நிற்காதே என்றார்.

எட்டு வயதில் நான் பொய் சொல்லவில்லை. மாமா ஓடினார், நான் தொட்டியில் இருந்தேன், இரண்டும் உண்மை. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை என்னைக் கேட்டார்கள், எவ்வளவு வேகமாக ஓடினார், எப்படி விழுந்தார் என்று. எந்தப் பக்கம் ஓடினார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.