வாசலில் கிடந்த செருப்புகள்

மாத்தளை நகரில் நான் வேலை செய்த சப்பாத்துக் கடை ஒரு பெரிய கம்பனியின் கிளை. விற்பனை விழுந்துகொண்டே போனதால், கிளையை வைத்திருப்பதா மூடுவதா என்று பார்த்துச் சொல்லக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. ஊர் தெரிந்தவன் என்று மனேஜர் என்னை அவரோடு அனுப்பினார்.

எதிர்ப்புறத்துக் கண்ணாடி போட்ட சப்பாத்துக் கடைதான் எங்களுக்குப் போட்டி என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அங்கே விலை குறைத்தால் இங்கேயும் குறைப்போம். பள்ளிச் சப்பாத்தோடு அவர்கள் காலுறை சும்மா கொடுத்தால் நாங்களும் கொடுப்போம். அதிகாரி அந்தக் கடையில் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு, எங்கள் ஊரில் பொல என்று சொல்லும் யட்டவத்த சந்தைக்குப் போனோம். திரும்பும்போது நல்ல மழை. வழியில்தான் என் வீடு. வாசலைத் தாண்டிப் போகிற மனிதரைத் தேத்தண்ணி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? கூப்பிட்டேன்.

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. வாசலில் மனைவியின் செருப்பும் மகளின் செருப்பும் கிடந்தன. இரண்டும் எங்கள் கடையில் எடுத்தவை அல்ல. கம்பனி எனக்குக் கொடுத்த சப்பாத்து மட்டும் என் காலில் இருந்தது.

"அக்கா, இது எங்க வாங்கினனீங்கள்?"

விருந்தாளி பேச்சுக்குக் கேட்கிறார் என்று மனைவி நினைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பொலயில கீழ போட்டு விக்கிறாங்களே சேர், அதுதாங்க. அறுந்தா வேற எடுத்துக்குவோம். இவரு கடையில ஒரு சோடி எடுக்கிற காசுக்கு வீட்டுல எல்லாருக்கும் எடுத்துடலாமே!"

"வேலை செய்யிற ஆக்களுக்கு விலை குறைச்சுத் தாறேல்லையோ?"

"குறைச்சும் அந்த வெலதாங்க!"

மழை விட்டதும் அவர் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். தொலைபேசியில் படமும் எடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா கதவடியிலிருந்து கத்தினார்: "என்னா தம்பி, செருப்புக்கும் ஓட்டுப் பேரு எழுதுறாங்களா? ஏங்கிட்டயும் ரெண்டு இருக்கு, ரெண்டுமே எடக்காலு!"

எல்லோரும் சிரித்தோம். புறப்படும்போது அதிகாரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, அந்தக் கண்ணாடிக் கடை எங்களுக்குப் போட்டியில்லை. அவையும் எங்களை மாதிரித்தான் தவிக்கினம்."

கிளையை மூட முடிவானது. கடைசி நாள், மீந்த சப்பாத்துகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது மனேஜர் பகிடியாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க வீட்டு வாசல்தாம்ப்பா அறிக்கையில முதல் படம்." எனக்குச் சோறு கொண்டுவந்த மனைவி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்டாள்: "நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்லங்க?"

நம்மைப் போல ஊரே அந்தச் செருப்பைத்தான் போடுகிறது, நீ சொல்லாவிட்டாலும் அவர் கண்டிருப்பார், கடை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. இவ்வளவும் என் நெஞ்சுக்குள் இருந்தது. "சரி, விடு" என்பது மட்டுமே வாயில் வந்தது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டுவாள், நம்பமாட்டாள்.

எனக்கு மனிதர்களோடு பேச வராது. கலியாணம் முடித்த நாள் முதல் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவள்தான். இப்போது வீட்டுக்கு யார் வந்து எதைக் கேட்டாலும், மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டாலும்கூட, "அவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.