பூசக்கூடாத சுவர்

இந்த நாட்டில் டீ நேரத்துக்கு விசில் அடித்தால், பாதி அடித்த ஆணியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் டீயும் பிடிக்கவில்லை. அதனால் அந்தக் கால் மணி நேரமும் வேலைத்தளத்திலேயே இருப்பேன். வந்த வினை அதில்தான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். இங்கிலாந்தில் ஒரு பழைய நகரம். பல நூறு வருஷத்துக் கல் தேவாலயத்துக்கு எதிரே ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்தோம். தட்டைக் கூரை, ஒடுக்கமான ஜன்னல்கள், முழுக்க கான்கிரீட். கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையைக் கழற்றினால் மரத்தின் ரேகை, கணு, பலகை இடுக்கில் கசிந்த சிமென்ட் கோடு எல்லாம் சுவரில் அப்படியே தெரிந்தன. எனக்கு உடம்பு கூசியது.

கூசாமல் என்ன செய்யும்? நான் தொழில் படித்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம், தொழிற்சாலைக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக எழும்பிய அறுபதுகளில். பழவேற்காட்டுக்காரரான பாஷா மேஸ்திரி, பலகை கழற்றிய கையோடு வந்து நிற்பார். "இன்னா நைனா, செவுரு அம்மணமா நிக்குது. மொதலாளி வர்றதுக்குள்ள துணி கட்டி வுடு" என்பார். சாக்கைச் சிமென்ட் பாலில் நனைத்துத் தேய்த்து மறைப்போம். ஒருமுறை ஒரு தூணை விட்டுவிட்டேன். "உன் ஊட்டு கக்கூஸா இது, பூசாம வுட்டுக்கினு போறே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பூசாத சுவர் என்றால் கட்டியவன் கை வறண்டுவிட்டது, அல்லது கொத்தனார் சோம்பேறி. எங்கள் பக்கம் மூன்றாவது அர்த்தம் கிடையாது.

ஆகவே ஒரு டீ நேரத்தில், வாசல் ஓரச் சுவரை ஓர் ஆள் உயரத்துக்கு வழவழவென்று தேய்த்து வைத்தேன். நல்ல பெயருக்காகத்தான். மனைவி கோமளாவும் மகளும் திருவள்ளூரில் காத்திருந்தார்கள். எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று கம்பெனி கடிதம் கொடுத்தால்தான் அவர்கள் வர முடியும். கையெழுத்துப் போடவேண்டியவர் சூப்பர்வைசர் டாம்.

டாம் பார்த்தார். ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. "யார் செய்தது?"

"நான்தான் சார். ஃப்ரீ. மிச்சத்தையும் நாளைக்குள் முடித்துவிடுகிறேன்."

போய், கட்டடத்துக்கு வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்டை அழைத்து வந்தார். பாராட்டத்தான் என்று நினைத்தேன். ஆர்க்கிடெக்ட் குரலை உயர்த்தவில்லை. பலகைகளைத் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கியதாகவும், அந்த ரேகைதான் சுவரின் அழகு என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "எங்கள் ஊரில் இதை இல்லாதவன் வீடு என்பார்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"எதிரே இருக்கும் தேவாலயத்துக்கு யார் பூசினார்கள்?" என்று கேட்டார்.

பூசியதை நானே எடுக்கவேண்டும் என்றார்கள். இரண்டு நாள் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன். இனிக் கடிதம் கிடைக்காது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் டாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இனிமேல் எங்களோடு வந்து டீ குடி" என்றார்.

கோமளா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். "இன்னாங்க, இம்மாம் பெரிய கட்டடம், பூசாமயே தொறந்துட்டாங்களா?"

பலகை, ரேகை, அழகு என்று ஆர்க்கிடெக்ட் சொன்னதையே ஒப்பித்தேன்.

"அவுரு சொல்றது இருக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?"

வாசல் ஓரம் அழைத்துப் போனேன். சுரண்டியும் போகாத அந்த ஓர் ஆள் உயரம் இருந்தது. மர ரேகையும் இல்லை, பூச்சும் இல்லை. இரண்டும்கெட்ட சாம்பல் நிறம். அதன் மேல் கையை வைத்தேன்.

"இது நான் செஞ்சது" என்றேன்.