அடையாறில் கதிரின் செல்கள்

காலை 9.40. விருத்தாசலத்தில் விடியுமுன் ஏறிய ரயில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி என்னை மாம்பலத்தில் இறக்கிவிட்டது. தி.நகர் பக்கம் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். அடையாறு ஆய்வகத்தின் பெயரைச் சொன்னதும் இருநூறு ரூபாய் கேட்டார். கோட்டூர்புரம் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அது ஆராய்ச்சி பண்ற எடமாச்சே. அங்க இன்னாமா?"

"என் பிள்ளையைப் பார்க்கப் போறேன்."

"புள்ள அங்கதான் வேலை செஞ்சிகினு கீறானா?"

"ஆமாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கதிர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

பிறந்த ஆறாம் மாதத்தில் அவனுக்கு வலிப்பு தொடங்கியது. மரபணுவில் ஒரு பிழை என்றார்கள். எந்த மருந்துக்கும் அது முழுதாக அடங்கவில்லை. பதினைந்து வயதில், இந்த ஆய்வகத்துக்காக அவன் மேல்கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்தார்கள். பதினேழில் போய்விட்டான். அந்தத் தோலிலிருந்து ஏதோ வளர்ந்திருக்கிறது, ஒரு ஒப்புதலும் தேவை என்று போன மாதம் கடிதம் வந்தது. தபாலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். பார்க்க வேண்டும் போலிருந்தது.

10.45. ஆய்வாளர் ரஹ்மத் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். முப்பத்தைந்து வயதிருக்கும். மேலங்கி, கையுறை, காலுக்கு உறை எல்லாம் போட்டுவிட்டு உள்ளே விட்டார். சிறிய தட்டில், இளஞ்சிவப்பு நீரில், துவரம்பருப்பு அளவில் வெளிறிய உருண்டைகள் கிடந்தன.

"தோல் செல்லைக் கரு நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, மறுபடி மூளைச் செல்லா வளர்க்கிறோம்மா. எலிக்கு இந்த நோய் அப்படியே வராது. அதனால இப்ப உலகம் முழுக்க இப்படி நோயாளியோட செல்லுலயே மருந்தைச் சோதிக்கப் பார்க்கிறாங்க."

"அவனுக்கு என்னைத் தெரியுமா?"

அவர் தட்டை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது கதிர் இல்லம்மா. கண்ணு, காது, நினைவு எதுவும் இல்ல. வலியை உணராதுன்னுதான் நினைக்கிறோம். முழுசாத் தெரியும்னு சொன்னா அது பொய்."

பிறகு கணினித் திரையைக் காட்டினார். செல்களின் மின்துடிப்புகள் கோடுகளாக ஓடின. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடித்துக்கொண்டிருந்தவை திடீரென எல்லாம் சேர்ந்து எழும்பின. என் கை தானாக முன்னால் நீண்டது. வலிப்பு வந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பதினேழு வருடப் பழக்கம். கண்ணாடி மேசையில் விரல் இடித்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. ரஹ்மத் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அடுத்த தட்டும் கதிரின் செல்தான். ஆனால் பிழையைத் திருத்தி வளர்த்தது. அதன் கோடுகள் சீராகப் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடம் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அப்படியொரு நாளைத்தான் அவனுக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

12.15. கடிதத்தில் சொன்ன ஒப்புதலை ரஹ்மத் விளக்கினார். ரத்தக் குழாய் இல்லாததால் உருண்டையின் நடுவே உணவு எட்டாமல் செல்கள் சாகின்றன. எலியின் மூளையில் பதித்தால் இன்னும் நன்றாக வளரும். இத்துறையில் இப்போது அந்த முயற்சிதான் பரவிவருகிறது. அதற்குச் சம்மதமா?

"எலி பயப்படும், தூங்கும். அதுக்குள்ள இது என்னாகும்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் செய்யறோம்மா."

மருந்துச் சோதனைக்குச் சரி என்று கையெழுத்திட்டேன். எலிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். அவர் முகம் வாடியது, வற்புறுத்தவில்லை. என் முடிவால் வேறொரு பிள்ளைக்கான மருந்து தள்ளிப்போகுமோ என்று இன்றும் தோன்றுகிறது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை இதை யார் பார்த்துக்குவாங்க?" என்றேன்.

"யாராவது ஒருத்தர் வந்துடுவோம். ஊட்டநீர் மாத்தணுமே. போன ரம்ஜானுக்குத் தொழுகை முடிஞ்சு நேரா இங்கதான் வந்தேன்."

மாலை 4.10. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கதிர் இருந்தவரை, விருத்தாசலத்தில் எங்கள் தெருவைத் தாண்டிக் கடைக்குப் போனால்கூட, அரை மணி நேரத்துக்குள் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். கறிகாயைப் போட்டது போட்டபடி ஓடுவேன். சென்னையில் அன்று பகல் முழுவதும் இருந்தேன். கைப்பேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை.