குழாயில் பெய்த மழை

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேய் பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். செயற்கைக்கோள் மேலிருந்து காற்றிலுள்ள நீராவியை அளந்து அனுப்பும். அது சரிதானா என்று தரையிலிருந்து ஒத்துப் பார்ப்பது அவள் வேலை.

தண்ணீர் எல்லாம் ஒன்றல்ல, கேட்டுக்கொள்ளுங்கள். அதில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. பருவக்காற்று கடலில் கிளம்பி வழியெல்லாம் பெய்துகொண்டே வரும்போது கனமானது முந்திக்கொண்டு விழுந்துவிடும். மிஞ்சி வருவது லேசு. ஆவியில் எது எவ்வளவு என்று தெரிந்தால் மழை வந்த வழியைச் சொல்லிவிடலாம்.

மொட்டைமாடியில் மழை பெய்யப் பெய்யத் தண்ணீரைப் புட்டி மாற்றிப் பிடித்து மூடி வைக்கும் வேலைக்குத் தன் தம்பியைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். எந்த வேலையிலும் நிலைக்காதவன். “நானே பிடிச்ச மாதிரி நினைச்சுக்குங்க சார்” என்று அதிகாரியிடம் அவனுக்காக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அடைமழை பிடித்த வாரம், செயற்கைக்கோள் லேசு என்றது. தம்பியின் புட்டிகளோ கனம் என்றன. கூட்டத்தில் செயற்கைக்கோள் ஆட்கள் புட்டியைச் சந்தேகித்தார்கள். அவள் விடுவாளா? நனைந்து பிடித்தவன் பொய் சொல்வானா, மேலே பறப்பதுதான் மேகத்தைப் பார்த்து மிரண்டிருக்கும் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். செயற்கைக்கோளின் அளவுகளைத் தள்ளிவிட அதிகாரி சம்மதித்தார். கதவோரம் நின்ற தம்பி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

தண்ணீரை அளக்கும் இயந்திரத்தைத் தினமும் குழாய்த் தண்ணீர் விட்டுத்தான் சரிபார்ப்பார்கள். அணையில் வெயில் தின்ற தண்ணீர் அது. லேசானது பறந்துபோய்க் கனமே நிறைந்திருக்கும். மறுநாள் காலை வழக்கம்போல் விட்டாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் புட்டிகளின் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய எண். புட்டிகளிலும் அதே எண். தம்பி பிடித்தது என்பதாலேயே அது அவள் கண்ணில் படவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான் தம்பி.

“எத்தனை புட்டிடா?”

அவன் சீப்பைப் பையில் வைத்தான். “ஞாபகம் இல்லக்கா. மழை விடவே இல்ல, யாரு நனையறது? தண்ணிதானேன்னு கீழ குழாய்ல பிடிச்சேன்.”

“அது போகட்டும். நேத்து அத்தனை பேர் முன்னாடி உனக்காக மல்லுக்கு நின்னேனே, அப்ப ஏன்டா தலையாட்டின?”

“நீ ஜெயிச்சுக்கிட்டிருந்த. நடுவுல நான் எதுக்கு?”

வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும், தோற்றது அவங்கதானே என்று அவன் வேறு சமாதானம் சொன்னான்.

அவள் நேரே அதிகாரி அறைக்குப் போனாள். செயற்கைக்கோளின் அளவுகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். எது மழை, எது குழாய் என்று இனி யார் பிரிப்பது? தம்பியின் புட்டிகள் மொத்தமும் போயின. அந்தப் பருவத்துக்கு ஒத்துப் பார்க்க ஒரு சொட்டு மிஞ்சவில்லை. தம்பியின் வேலையும் போயிற்று.

அன்று சாயங்காலமே அம்மா போன் போட்டு, கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று அழுதாள்.

“யாரும்மா யாரைக் காட்டிக் கொடுத்தது?” என்று கேட்டாள் அவள்.

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. பிள்ளை மத்தியானம் சாப்பிட்டானா, முகம் வாடியிருந்ததா என்று அவளிடமே விசாரித்துக்கொண்டிருந்தாள்.