உப்பில்லாத கால்

சென்ற வருடம் பங்குனி மாதம், மரக்காணத்தில் நடந்தது இது. மஞ்சள் காமாலை வந்து, பாண்டிச்சேரி வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தேன். என் மனைவி உப்பளத்தில் வேலை செய்கிறாள். விடியும் முன்பே போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புவாள்.

பொழுது போகாமல் போனில் ஒரு த்ரில்லர் படம் பார்த்தேன். சிரித்த முகமாகக் காபி கொடுக்கும் மனைவி, வருடக்கணக்காகக் கணவனை ஏமாற்றுகிறாள். அதோடு விட்டிருக்கலாம். இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அன்று என் மனைவி வந்ததும் அவள் காலைப் பார்த்தேன். உப்பு வாரிவிட்டு வந்தால் கெண்டைக்கால்வரை வெள்ளையாகப் பூத்திருக்கும். இவள் கால் பளிச்சென்று இருந்தது.

"எங்கேர்ந்து வர்ற?"

"பாத்தியிலேர்ந்துதான். வேற எங்க போவேன்?"

மறுநாளும் சுத்தமான கால், அதே பதில். எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருடமாக யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று பயமே வந்துவிட்டது. மூன்றாம் நாள் பத்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் அவள் இல்லை. சீக்கிரமே முடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கீற்று போட்டு மூடிய உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. பதுங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். கூட வேலை செய்யும் பெண்ணின் ஸ்கூட்டரைத் தள்ளாடித் தள்ளாடி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பின்னாலேயே ஓடினாள்.

என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, வெட்கத்தோடு சிரித்தாள். "உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ ஆட்டோவுக்கு நின்னு நின்னு போதும்னு ஆயிடுச்சு. முன்னாடியே சொன்னா கிண்டல் பண்ணுவ."

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அப்ப காலு ஏன் சுத்தமா இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "உப்புக் காலோட ஏறுனா வண்டி துரு புடிச்சிடும்ணே. கழுவிட்டுதான் ஏறணும்னு நான்தான் சொன்னேன்."

என் மனைவி சிரிக்கவில்லை. "இதுக்குதான் வந்தியா?" என்றாள்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. இப்போது பால் வாங்கப் போனால்கூட எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். நான் கேட்காத கேள்விக்குத் தினமும் பதில் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.